நாலாவது ஆளின் முறை

மார்ச் 3, செவ்வாய்

ரயில்வே ஸ்டேஷன் கடிகாரம் கழன்று பிளாட்பாரத்தில் விழுந்த வருஷம் நாங்கள் கார் வாங்கினோம். அந்த வருஷத்தின் நம்பரைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆற்றுத் தண்ணீர் பாங்குக்குள் புகுந்து, மேனேஜர் நாற்காலி மட்டும் தனியாக மிதந்து மீன் மார்க்கெட்டில் ஒதுங்கியது அந்த வருஷம்தான். சர்க்கஸ்காரர்கள் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஒட்டகத்தை மறந்துவிட்டுப் போனதும் அப்போதுதான். எனக்குக் கல்யாணம் ஆனதும் அதே வருஷம்.

கல்யாணத்தை ஒட்டகத்துக்கு அப்புறம் சொன்னேன் என்று எழுதுகிறவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். சரி, கல்யாணம்தான் முதலில். ஒட்டகம் அப்புறம். எழுதும்மா.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் சம்சாரம் எழுதுகிறாள். மருந்துக் கடையில் சும்மா கொடுத்த டைரி. "காரு காருன்னு என் காதைக் கடிக்கிறதை இந்த டைரிகிட்ட சொல்லுங்க, நான் நிம்மதியா தூங்குவேன்" என்றாள். தூங்குவதற்குப் போட்ட திட்டம். இப்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

விஷயம் இது. அந்தக் காரை வாங்கியது நாலு பேர். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன் ஒருத்தன். பல் டாக்டர் ஒருத்தர். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த என் மச்சான், அதாவது எழுதுகிறவளின் அண்ணன். அப்புறம் நான், கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன். சிவப்பு நிறம், நீளமான மூக்கு, கூரை கிடையாது, இரண்டே இரண்டு சீட்டு. இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை நாலு பேர் சேர்ந்து வாங்கிய கூத்து வேறு எங்கேயும் நடந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருத்தர் முறை. காலையில் எடுத்தால் சாயங்காலம் மில் சங்கு ஊதுவதற்குள் போட்டோக்காரன் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். மச்சான் ஷெட் வாசலில் நின்று, டிப்போவில் பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி கத்துவார்: "இன்னைக்கு யாரு முறை?" போட்டோக்காரன் "ஒண்ணாவது!" என்று பதில் கத்துவான். அடுத்த வாரம் டாக்டர் "ரெண்டாவது!" என்பார். எங்களுக்குள்ளே பேரே அப்படி ஆகிப்போயிற்று. நான் நாலாவது.

மூன்றாவது ஞாயிறு மச்சான் முறை. சங்கு ஊதிற்று. கார் வரவில்லை. இருட்டினதுக்கு அப்புறம் வந்து இறங்கினார். "சங்கை சீக்கிரம் ஊதிட்டானுங்க" என்றார். சங்கு ஒழுங்காகத்தான் ஊதினது என்று டாக்டர் சொல்ல, டைம் கீப்பருக்கே டைம் சொல்றியா என்று மச்சான் பாய, வாய் தடித்துப் போயிற்று. யாராவது ஒருத்தர் மன்னிப்புக் கேட்கும்வரை வண்டி நகரக்கூடாது என்று ஆளுக்கு ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போனோம். போட்டோக்காரன் சாவியை. டாக்டர் ரோட்டரை, அது கட்டைவிரல் அளவுக் கறுப்புத் துண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ளே சுற்றும், அது இல்லையென்றால் ஒரு பிளக்குக்கும் நெருப்பு போகாது. மச்சான் ஸ்டீயரிங்கை. நான் டிரைவர் சீட்டை.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு என் முறை. அது இன்னும் வரவில்லை.

டாக்டர் போய்விட்டார். போட்டோக்காரனும் போய்விட்டான். மிச்சம் மச்சானும் நானும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இன்றைக்குப் போட்டோக்காரன் சம்சாரம் கூப்பிட்டு அனுப்பினாள். வீட்டை விற்றாயிற்றாம். மாதக் கடைசியில் ஷெட் காலியாக இருக்க வேண்டுமாம். மகன் பழைய இரும்புக்காரனிடம் சொல்லிவிட்டான். "அண்ணே, வண்டி தானா நடந்து வெளியே போச்சுன்னா அது உங்களுது. தூக்கிட்டுத்தான் போகணும்னா இரும்புக்காரனுது. என் பையன்கிட்ட இவ்வளவுதான் பேச முடிஞ்சுது."

நாற்பது வருஷத்துக்கு மேலே படுத்துக் கிடக்கிற வண்டி. தானாக நடக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

அந்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன். இவ்வளவு வருஷமாக என் நாற்காலி இதுதான். காப்பி குடித்தது, செய்தி கேட்டது, மகள் கல்யாணம் பேசி முடித்தது எல்லாம் இதில் உட்கார்ந்து. பஞ்சு அமுங்க அமுங்க நானே பிரித்துப் பிரித்துத் திணித்திருக்கிறேன். கார் ஓட்டினதில்லையே தவிர, டிரைவர் சீட்டில் என்னைவிட அதிகம் உட்கார்ந்தவன் இந்த ஊரில் எவனும் இருக்க மாட்டான்.

மார்ச் 6, வெள்ளி

ஷெட்டைத் திறந்தோம். கூட வந்தது நம் தெருமுனை ஸ்கூட்டர் மெக்கானிக் பொம்பளை. கார் மெக்கானிக்குகள் எல்லோரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் "காலமாயிட்டா பொதைக்கணும் பெரியவரே, ஓட்டக்கூடாது" என்றார்கள். இவள் ஒருத்திதான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"கார் பார்த்திருக்கியாம்மா?"

"ரோட்டுல பார்த்திருக்கேன்."

பானெட்டைத் தூக்கினாள். நெடுநேரம் பார்த்தாள். "இதுல என்ன இருக்கு? நாலு ஸ்கூட்டர் பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு. ஒவ்வொண்ணா எழுப்புவோம்."

காற்று வடிகட்டிக்குள்ளே எலிக்கூடு. பெட்ரோல் டேங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி கெட்டியாகி, செத்த நாற்றம். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள், கம்பியோடு கையில் வந்துவிட்டது. அதை ஓரமாக வைத்துவிட்டு, "இது வேண்டாம்னு நினைக்கிறேன்" என்றாள்.

பக்கத்து சீட்டு என் கைவேலை. தோலை எலி பூராவும் தின்றுவிட்டது. தையலை மட்டும் விட்டுவிட்டது. எலும்புக்கூடு மாதிரி என் தையல் மட்டும் நிற்கிறது. எனக்கு உள்ளுக்குள்ளே கொஞ்சம் பெருமைதான்.

உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு என் வாயை அடைத்துவிட்டாள். உள்ளே துரு இருக்கும், அப்படியே சுற்றினால் பிஸ்டன் கீறிக்கொள்ளுமாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறாள். "காதுக்கு மருந்து ஊத்தின மாதிரி. ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது."

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் வந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு தங்கையைப் பார்க்க வருவார். நானும் அதே அறையில்தான் இருப்பேன். அவர் அவளிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். நான் அவளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். மூன்று பேருக்கும் நடுவில் ஒரு டீப்பாய் அகலம்தான்.

"உங்க அண்ணன்கிட்ட கேளு, ஸ்டீயரிங் வேணும்."

"அண்ணா, ஸ்டீயரிங் வேணுமாம்."

"கேட்டுச்சு. எதுக்குன்னு கேளு."

"எதுக்குன்னு கேக்கிறார்."

"பல்லு குத்தறதுக்குன்னு சொல்லு!"

"வண்டியைக் கிளப்பப் போறாராம் அண்ணா." அவள் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று தேர்ந்து தேர்ந்து கைதேர்ந்துவிட்டாள்.

மச்சான் யோசித்தார். அவர் வீட்டில் அந்த ஸ்டீயரிங் நடுவில் வட்டக் கண்ணாடி வைத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தினமும் முகம் மழிக்கிறார். "தங்கச்சி, உன் புருஷன்கிட்ட சொல்லு. அன்னைக்கு என் முறை பாதியில நின்னுபோச்சு. சங்கு சீக்கிரம் ஊதினது அவனுங்க தப்பு. என் மிச்ச முறையை நான் முடிச்சப்புறம்தான் அடுத்த ஆளுக்கு முறை."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இவ்வளவு வருஷம் காத்துக் கிடந்தது நானு! சங்கு ஊதி, மில்லு மூடி, மில்லு இருந்த இடத்துல ஆஸ்பத்திரி கட்டி, அந்த ஆஸ்பத்திரியையும் மூடியாச்சு. இன்னும் இவருக்கு மிச்ச முறையாம்! மனுஷனா இவரு? இல்ல ஸ்டாப் வாட்ச்சா?

மார்ச் 9, திங்கள்

அவள் அண்ணனைப் பற்றி நான் நேற்று பேசியது தப்பு என்றும், இன்றைக்கு ஒரு எழுத்துகூட எழுத முடியாது என்றும் சொல்லிவிட்டாள். அதையும் அவளே எழுதிவிட்டாள்.

மார்ச் 11, புதன்

டாக்டர் வீட்டுக்குப் போனேன். இப்போது அங்கே அவர் மகள் பல் பார்க்கிறாள். ரோட்டரைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்பா சாமான்களை எல்லாம் கழித்துக்கட்டியாயிற்று என்றாள்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ரொம்ப நாளைக்கு முன்னால் டாக்டர் எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார். என் வாயைத் திறக்க வைத்து, பஞ்சைத் திணித்து, நான் பதில் பேச முடியாத நேரம் பார்த்து, "நாலாவது, நம்ம வண்டியோட உசிர் இந்த ரூம்லதான் இருக்கு, உன் கண்ணு முன்னாலயே இருக்கு" என்றார். நான் "ஆ... ஆ..." என்றேன். அதற்குள் பல் வந்துவிட்டது. அன்றைக்கு என் கண் முன்னால் என்ன இருந்தது? மேலே விளக்கு. பக்கத்து மேஜையில், சின்னப் பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கக் கற்றுக்கொடுக்கிற பெரிய பிளாஸ்டிக் வாய்.

"அந்த வாய் இருக்காம்மா?"

இருந்தது. திறந்து பார்த்தோம். கடைசிக் கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய இடத்தில் நம் ரோட்டர், பித்தளை நாக்கோடு, சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார். இத்தனை வருஷமாக ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அதற்கும் சேர்த்துப் பிரஷ் போட்டிருக்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது. ஸ்கூட்டர்க்காரி பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான ரோட்டரை அவள் கடையில்கூடப் பார்த்ததில்லை என்றாள்.

அந்தப் பெண் அதைப் பிடுங்கித் தரும்போது பழக்க தோஷத்தில் "வலிக்காது" என்றாள்.

மார்ச் 14, சனி

சாவி கிடைத்தது. போட்டோக்காரன் வீட்டு பாத்ரூம் தாழ்ப்பாள் எப்போதோ உடைந்துபோயிற்றாம். அதில் குச்சிக்குப் பதிலாக நம் கார் சாவியைச் சொருகி வைத்திருக்கிறார்கள். இத்தனை காலமாக அந்தக் குடும்பமே எங்கள் சாவியைப் போட்டுத்தான் குளித்திருக்கிறது.

"எடுத்துக்கங்க அண்ணே. ஆனா வீடு காலி பண்ற வரைக்கும் நான் குளிக்கணுமே" என்றாள் அவள். என் பட்டறை ஊசி, கோணி தைக்கிற பெரிய ஊசி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

மார்ச் 17, செவ்வாய்

இன்ஜின் அசைந்தது!

முன்னால் இருக்கிற கப்பியில் ஸ்பானரைப் போட்டு, ஸ்கூட்டர்க்காரி உடம்பைக் கொடுத்துத் தொங்கினாள். கல்லு மாதிரி நின்றது. நானும் சேர்ந்து தொங்கினேன். போட்டோக்காரன் சம்சாரம் சமையலறையிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் பிடித்துத் தொங்கினாள். "கர்ர்" என்று ஒரு சத்தம். நாங்கள் மூன்று பேரும் கீழே. கப்பி சுற்றியிருந்தது.

அப்புறம் பழைய எண்ணெயை வடித்தாள். தார் மாதிரி இறங்கியது. டேங்கைக் கழற்றிச் சலசலவென்று கூழாங்கல் போட்டுக் குலுக்கிக் கழுவினாள். கார்புரேட்டரைப் பிரித்து என் சம்சாரத்தின் இட்டிலிச்சட்டியில் ஊறப் போட்டாள். இந்த வரியை எழுதும்போது எழுதுகிறவளின் முகம் சரியில்லை.

மார்ச் 21, சனி

புதுச் சிக்கல். கிளட்ச் தட்டு துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெடலை மிதித்தாலும் இன்ஜினும் சக்கரமும் பிரிய மாட்டேன் என்கின்றன. ஸ்கூட்டர்க்காரி தாளில் படம் போட்டுக் காட்டினாள். "ரெண்டும் நடுவுல பிரிஞ்சு நிக்கணும் பெரியவரே. கோவிச்சுக்கிட்டு நிக்க வேண்டிய ரெண்டு பேரு கட்டிப்பிடிச்சுக்கிட்டு இருக்காங்க."

எங்கள் வீட்டில் நேர் எதிர் சிக்கல் என்றேன்.

அவள் திட்டம் இது. பின் பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிவிடுவது. கியரில் போட்டே ஸ்டார்ட் செய்வது. பின் சக்கரம் காற்றில் சுற்றும். கிளட்சை மிதித்துக்கொண்டே இருந்தால், குலுக்கலில் ஒட்டினது விட்டுப் போகும். பிரேக்குக்கு வேண்டிய சாமான் வர இன்னும் நாள் ஆகும், ஆனால் வண்டிதான் எங்கேயும் போகப்போவதில்லையே.

மார்ச் 26, வியாழன்

பிரேக் தவிர எல்லாம் ஆயிற்று. சீட்டைக் கொண்டுபோய் மாட்டினேன். டிரைவர் சீட் இல்லாமல் எங்கள் முன்னறை பல்லுப் போன வாய் மாதிரி இருக்கிறது. நான் இப்போது முக்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன்.

வண்டியைக் கிளப்ப ஸ்டீயரிங் ஒன்றுதான் பாக்கி. எழுதுகிறவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"தர மாட்டாராம். ஸ்டீயரிங் வந்தா அவரும் கூட வருவாராம். அவர் முறை, உங்க முறை ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கட்டுமாம். நீங்க ஓட்டுங்க, அவர் பக்கத்துல உட்காருவார். இதுக்கு மேல என்னால ரெண்டு பேருக்கும் நடுவுல ஓட முடியாது. என் தொண்டையைப் பாருங்க. கல்யாணம் ஆனதுல இருந்து எனக்குன்னு ஒரு வார்த்தை பேசியிருக்கேனா இந்த வீட்ல? உங்க வார்த்தை, எங்கண்ணன் வார்த்தை, உங்க வார்த்தை, எங்கண்ணன் வார்த்தை!"

இதற்கு நான் பதில் சொன்னால் அதையும் அவள்தான் எழுத வேண்டும்.

ஆனால் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு ஓட்டினால் அது என் முறையா? அரை முறைதானே?

மார்ச் 29, ஞாயிறு

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கை வலித்தால் நிறுத்திக்கொள் என்றேன். "இன்னைக்கு நிறுத்த மாட்டேன், சொல்லுங்க" என்கிறாள்.

காலையில் மச்சான் ஸ்டீயரிங்கோடு வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். கண்டக்டர், "பெரியவரே, நீங்க ஓட்டப்போறீங்களா, நாங்க ஓட்டட்டுமா?" என்றானாம். இதையும் தங்கையிடம்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சுவரைப் பார்த்துச் சிரித்தேன்.

ஸ்கூட்டர்க்காரி பின் பக்கத்தை இரண்டு ஜாக்கியில் தூக்கி நிறுத்தினாள். ஸ்டீயரிங்கை மாட்டி முறுக்கினாள். சின்ன பாட்டில் அளவுதான் பெட்ரோல் ஊற்றினாள், பத்திரத்துக்கு. டாக்ஸிக்காரரிடம் இரவல் வாங்கின பேட்டரி. கியரைப் போட்டு வைத்தாள். வண்டியின் மூக்கு கேட்டைப் பார்த்து இருந்தது. கேட் திறந்து கிடந்தது, ஏனென்றால் இரும்புக்காரன் இரண்டு நாள் முன்னதாகவே வந்து, லாரியில் வண்டி அடங்குமா என்று வாசலில் நின்று டேப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் ஏறி உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது, வருஷா வருஷம் பஞ்சு திணித்ததில் சீட் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று. முன் கண்ணாடிக்கு மேலே என் தலை. முட்டி இரண்டும் ஸ்டீயரிங்கில். அலமாரி மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தேன்.

சாவியைத் திருப்பினேன். "ஙெ... ஙெ... ஙெ..." ஒன்றுமில்லை. மறுபடியும். பின்னால் ஒரு வெடி. புகைக் குழாயிலிருந்து ஒரு எலிக்கூடு முழுசாகப் பறந்து போய்ச் சுவரில் ஒட்டியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! போட்டோக்காரன் வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. ஷெட் பூராவும் வெள்ளைப் புகை. பின் சக்கரம் காற்றில் சுற்றுகிறது. ஸ்கூட்டர்க்காரி, "கிளட்ச்! கிளட்சை மிதிங்க! விடாதீங்க!" என்று கத்துகிறாள். நான் மிதித்துக்கொண்டு அழுதேன். புகைதான் காரணம்.

அந்த நேரம் பார்த்து மச்சானுக்குத் தன் முறை ஞாபகம் வந்துவிட்டது. கதவைத் திறக்காமலே, சின்ன வயசில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்கிப் போட்டுப் பக்கத்து சீட்டில் "தொப்" என்று விழுந்தார். சீட்டில் தோல் கிடையாது, என் தையல் மட்டும்தான். அது தாங்கியது. ஜாக்கி தாங்கவில்லை.

பின் சக்கரம் தரையைத் தொட்டது. வண்டி தானாக நடந்து வெளியே போயிற்று.

இரும்புக்காரன் டேப்பைப் போட்டுவிட்டுத் தாவினான். போட்டோக்காரன் சம்சாரம் வாசலில் கையைத் தட்டி, "நடந்துடுச்சு அண்ணே! உங்களுது! உங்களுது!" என்று கத்தினது காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படித் திரும்பிப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

முதல் கியர். ஒரு ஆள் வேகமாக நடக்கிற வேகம். பிரேக் கிடையாது. கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாலு பக்கமும் புகை. எங்களை ஒரு நாய் முந்திக்கொண்டு போயிற்று.

சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சாவி எங்கள் இரண்டு பேர் முட்டிக்கும் நடுவில்தான் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் கையைத் தூக்கவில்லை. நின்றுபோனால் இது மறுபடியும் கிளம்பும் என்பதற்கு யார் ஜாமீன்?

அதற்குள் ஸ்கூட்டர்க்காரி தன் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்துவிட்டாள். பின்னால் உட்கார்ந்திருக்கிறது எழுதுகிறவள். மச்சான் அவளைப் பார்த்ததும் கத்தினார்: "தங்கச்சி! உன் புருஷன்கிட்ட சொல்லு, ரவுண்டானாவுக்குத் திருப்பச் சொல்லு!"

அவள் ஸ்கூட்டரிலிருந்து எட்டிக் கத்தினாள்: "ரவுண்டானாவுக்குத் திருப்பணுமாம்!"

"ரவுண்டானா எதுக்குன்னு கேளு!"

"எதுக்குன்னு கேக்கிறாரு அண்ணா!"

"அதுதான் முடியாத ரோடு! நிக்கவே வேண்டாம்னு சொல்லு!"

தோளும் தோளும் உரச உட்கார்ந்திருக்கிறோம். ஸ்டூல் ஒன்றைப் போடக்கூட நடுவில் இடமில்லை. பேச்சு மட்டும் ஸ்கூட்டர் வழியாகப் போய்வந்தது.

ரவுண்டானாவில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். "நிறுத்துங்க!"

"நிக்காதுங்க!" என்றேன்.

"அப்போ ஓரமா நில்லுங்க!"

"ஓரமாவும் நிக்காதுங்க!"

சுற்ற ஆரம்பித்தோம். இரண்டாம் சுற்றில் அவர் விசில் ஊதினார். அடுத்த சுற்றில் எங்களுக்காக லாரியை நிறுத்தி வைத்தார். அதற்கு அடுத்த சுற்றில் சல்யூட் மாதிரி ஏதோ செய்தார். அந்த லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டர் மாட்டிக்கொண்டது. எழுதுகிறவள் கண்ணுக்குத் தெரியாமல் போனாள்.

ஒரு சுற்று முழுக்க இன்ஜின் சத்தம் மட்டும். நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் அந்தப் பக்கம். அப்புறம் ஒரு பஸ் உள்ளே நுழைந்தது.

"மாப்ளே, பஸ்ஸு!"

திருப்பினேன். பஸ் உரசாமல் போயிற்று. இரண்டு பேரும் மூச்சு விட்டோம். அவர் என்ன செய்துவிட்டார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ளே" என்றார் மறுபடியும், மெதுவாக. "அன்னைக்கு சங்கு சீக்கிரம் ஊதலை."

"தெரியும் மச்சான்."

"உனக்கு என்ன தெரியும்? எனக்கு ரிவர்ஸ் விழலை."

"என்னது?"

"ரிவர்ஸ் கியர். மேலே தள்ளிப் பார்த்தேன், கீழே தள்ளிப் பார்த்தேன், விழவே மாட்டேங்குது. வண்டியைத் திருப்புறதுக்கு ரோடு அகலமா ஒரு இடம் வரட்டும், வரட்டும்னு நேரா போயிட்டே இருந்தேன். சமுத்திரம் வந்துடுச்சு. மணல்ல இறங்கி ஆளுங்களைக் கூப்பிட்டுத் தூக்கித் திருப்பி வெச்சுட்டு வரேன், இருட்டிப் போச்சு."

நான் ஸ்டீயரிங்கை விட்டுவிடப் பார்த்தேன். "கேட்டிருக்கலாமே மச்சான்! போட்டோக்காரனுக்குத் தெரியுமே!"

"யாரைக் கேக்கச் சொல்றே? டிப்போவில அத்தனை டிரைவரையும் நிக்க வெச்சுத் திட்டறவன் நான். எனக்கு ரிவர்ஸ் போடத் தெரியாதுன்னு சொல்லிட்டு அங்கே எப்படி உள்ளே நுழையறது?"

"அதுக்காக இத்தனை வருஷமா?"

"முதல் வாரம் சொல்லியிருக்கலாம். ரெண்டாவது வாரமே சொல்ற மாதிரி இல்லை. அப்புறம் போகப் போக..." கையை விரித்தார். "வண்டி மாதிரிதான். நின்னுபோச்சு."

எனக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. நான் சிரிக்க, அவர் சிரிக்க, வண்டி குலுங்கியது. அந்தக் குலுக்கலிலோ என்னவோ அடியில் "டப்" என்று ஒரு சத்தம். பெடல் லேசாகிவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்தது விட்டுவிட்டது!

"மிதி மாப்ளே! மிதிச்சு ரெண்டாவது போடு!"

போட்டேன். விழுந்தது. வண்டி முன்னால் பாய்ந்தது. காற்று முகத்தில் அடித்தது. என் தலைதான் கண்ணாடிக்கு மேலே இருக்கிறதே, முழுக் காற்றும் எனக்கே. ஒரு சுற்று அப்படிப் போனோம். போலீஸ்காரர் "மெதுவா!" என்று கத்தினார். அவர் இப்போது எங்கள் ஆள்.

இனி நினைத்தால் நிறுத்தலாம். நிறுத்தவில்லை. பெட்ரோல்தான் நிறுத்தியது. இருமி, இருமி, ரவுண்டானாவின் புல் ஓரத்தில் தானாக நின்றது.

எழுதுகிறவள் ஓடி வந்தாள். "என்ன ஆச்சு? அண்ணா என்ன சொன்னாரு? நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை தங்கச்சி, நாங்க பேசிக்கிட்டோம்" என்றார் மச்சான்.

அவள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 30, திங்கள்

முதுகு, கழுத்து, முட்டி எல்லாம் போயிற்று. அரை முறை இல்லை. முழு முறைதான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிரேக் வந்தாயிற்று. வண்டி இப்போது என் வீட்டு வாசலில், நான் தைத்த உறைக்குள்ளே நிற்கிறது. அதற்குப் பேப்பரும் இல்லை, எனக்கு லைசென்சும் இல்லை. பிள்ளைகள் பந்து விளையாடுகிற மைதானம்தான் எங்களுக்கு எல்லை. ஸ்கூட்டர்க்காரிதான் ரிவர்ஸைக் கண்டுபிடித்தாள். கியர்த் தடியைக் கீழே அழுத்திவிட்டு இடது பக்கம் தள்ள வேண்டும். அவ்வளவுதான். குழந்தை கூடச் செய்யும்.

மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பாகப் போயிற்று. தன் முறை வந்தால் மைதானம் பூராவையும் ரிவர்ஸிலேயே சுற்றுகிறார். முன்னால் போகவே மாட்டேன் என்கிறார். பந்து விளையாடுகிற பிள்ளைகள், "தாத்தா, நேரா போங்க!" என்று கத்துகிறார்கள். "நேரா நிறைய போயாச்சுடா" என்கிறார்.

மே 24, ஞாயிறு

அவரும் நானும் எந்நேரமும் பேசுகிறோம் என்று எழுதுகிறவளுக்குக் குறை. வீட்டில் என்ன நடக்கிறது என்றே தனக்குத் தெரிவதில்லையாம். முன்பெல்லாம் ஒரு வார்த்தை தன்னைத் தாண்டிப் போகாதாம்.

ஜூலை 9, வியாழன்

மச்சான் காலையில் எழுந்திருக்கவில்லை.

எழுதுகிறவள் இதற்கு மேல் எழுத மாட்டாள்.

ஜூலை 19, ஞாயிறு

போன ஞாயிறு உறையைக் கழற்றவில்லை. இன்றைக்குக் கழற்றினேன்.

எழுதுகிறவள் அண்ணன் வீட்டிலிருந்து அந்த வட்டக் கண்ணாடியை எடுத்து வந்திருந்தாள். ஸ்டீயரிங்கைக் கழற்றினதிலிருந்து அதைச் சுவரில் வெறும் ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம். நம் வண்டிக்குப் பின்னால் பார்க்கிற கண்ணாடி கிடையாது. கம்பி வைத்துக் கட்டினேன். முகம் மழிக்கிற கண்ணாடி, எல்லாவற்றையும் பெரிசாகக் காட்டுகிறது. எதிர்வீட்டு ஜன்னல், தெருமுனை ஸ்கூட்டர் கடை எல்லாம் ஷேவிங் செய்ய வந்து நிற்கிற மாதிரி கிட்டே தெரிகின்றன.

கதவைத் திறந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். டைரி மடியில். எழுதத்தான் வந்தேன், வேறு ஒன்றுமில்லை என்றாள். என் தையல் அவளையும் தாங்கியது.

சாவியைப் போட்டேன். திருப்ப வரவில்லை. எல்லாம் இருக்கிறது. சாவி, ரோட்டர், ஸ்டீயரிங், சீட், நாலும் அதன் அதன் இடத்தில் இருக்கிறது. ஆனாலும் கிளம்ப முடியவில்லை. எதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

பேனாவை மூடினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, அவள் அண்ணன் கத்துகிற அதே கத்தல்:

"இன்னைக்கு யாரு முறை?"

"நாலாவது" என்றேன்.